எலிக்காய்ச்சல்: முதல் வாரத்தில் ‘நெகட்டிவ்’ வந்தால் என்ன பொருள்?

காலபோக விதைப்பு முடிந்து மழையும் பிடித்துவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வைத்தியசாலைகளின் காய்ச்சல் விடுதிகளில் கட்டில் கிடைப்பது கஷ்டம். அங்கே அடிக்கடி கேட்கிற வாக்குவாதம் ஒன்று உண்டு. “எலிக்காய்ச்சலுக்கு வெளியில் இரத்தம் சோதித்தோம், நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தது. பிறகெதற்கு டொக்டர் எலிக்காய்ச்சலுக்கு ஊசி போடுகிறார்?” இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்குப் போனவர் மூன்று நாள் கழித்து, சலம் போகாமல், மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வருவார்.

2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சலும் முதலில் ‘மர்மக் காய்ச்சல்’ என்றுதான் செய்திகளில் அடிபட்டது. அடுத்தடுத்து உயிர்கள் போய், மாதிரிகள் சோதிக்கப்பட்ட பிறகே அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. நோயின் பெயர் வைத்தியத்துறைக்கு நூறு வருடமாகத் தெரியும். 1886 இல் அடொல்ஃப் வைல் நோயை விவரித்தார், 1915 இல் ஜப்பானில் இனாடாவும் இடோவும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அப்படியிருந்தும் முதல் சில நாட்களில் இதை உறுதிப்படுத்துவது இன்றைக்கும் ஏன் இவ்வளவு பாடாக இருக்கிறது?

கிருமி எந்த நாளில் எங்கே இருக்கிறது

எலிக்காய்ச்சலைத் தருவது லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவக் கிருமி. எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து சலத்தோடு வெளியே வரும். எலி மட்டும் அல்ல, மாடு, எருமை, நாய், பன்றியும் இதைக் காவும். அறுவடைக்குப் பிறகு வயலுக்குள்ளும் கோடையில் குளத்தின் அலைகரையிலும் மாடு மேய்கிற வன்னியில் எலியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சேற்றில் ஊறிய கால், வரம்பு வெட்டும்போது பட்ட சிறு கீறல், கண், வாய் வழியாகக் கிருமி உடலுக்குள் போகும். அதற்குப் பிறகு நடப்பதை நாட்கணக்காகப் பார்த்தால்தான் சோதனைகள் விளங்கும்.

1. கிருமி புகுந்து காய்ச்சல் தொடங்கப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் எடுக்கும். சிலருக்கு 2 நாள், சிலருக்கு 30 நாள். ஆகவே “நேற்று வயலுக்குப் போனாயா?” என்பது பிழையான கேள்வி. கடந்த ஒரு மாதத்தைக் கேட்க வேண்டும்.

2. காய்ச்சலின் முதல் வாரம் முழுக்கக் கிருமி இரத்தத்தில் ஓடுகிறது. தலையிடி, கெண்டைக்கால் தசையைத் தொடவே முடியாத நோ, பீளை இல்லாமல் சிவந்த கண் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான்.

3. ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் கிருமிக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளைச் செய்யத் தொடங்கும். இரத்தத்தில் சுற்றும் புரதங்கள் இவை. முதலில் வருவது ஐ.ஜி.எம். என்ற வகை, பிறகு ஐ.ஜி.ஜி.

4. இரண்டாம் வாரத்தில் கிருமி இரத்தத்தை விட்டு நீங்கிச் சிறுநீரகத்தில் ஒதுங்கும். கண் மஞ்சளாவது, சிறுநீரகம் செயலிழப்பது, நுரையீரலுக்குள் இரத்தம் கசிவது ஆகியவை பெரும்பாலும் இந்த நேரத்தில் தெரியவரும். ஆனால் நோய் கடுமையானால் இரண்டு கட்டத்துக்கும் இடைவெளியே இல்லாமல் முதல் வாரத்திலேயே எல்லாம் வந்து சேரலாம். நுரையீரலில் கசிவு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறக்கக்கூடும்.

மருந்து வேலை செய்ய உகந்த காலம் முதல் சில நாள். வழக்கமான சோதனை பதில் சொல்லத் தொடங்குவது அந்த நாட்கள் கழிந்த பிறகு. சிக்கல் முழுக்க இந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

தேடுவதற்கு இரண்டு வழி

ஒன்று, கிருமியையே நேராகத் தேடுவது. மற்றது, கிருமிக்கு உடல் காட்டிய எதிர்ப்பைத் தேடுவது. இரவில் யானை வந்து போனதை விடியற்காலையில் வரம்பில் கிடக்கும் அடி சொல்லும். யானை இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லாது, நேற்று வந்ததா போன கிழமை வந்ததா என்பதையும் தெளிவாகச் சொல்லாது. பிறபொருளெதிரிச் சோதனை அடி பார்க்கும் வேலைதான். தனியார் ஆய்வுகூடங்களில் கால் மணித்தியாலத்தில் கோடு காட்டும் துரிதச் சோதனையும் இதே வகை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் ஒருவருக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் தொடங்குகிறது. இரண்டு நாள் பனடோலோடு போகிறது. புதன்கிழமை துரிதச் சோதனை செய்கிறார். ஐ.ஜி.எம். இன்னும் உருவாகவே இல்லை, எனவே கோடு வராது. இரத்தத்திலோ கிருமி நிறைய. ரிப்போர்ட் ‘நெகட்டிவ்’. அதே ஆள் அடுத்த திங்கட்கிழமை சோதித்திருந்தால் பெரும்பாலும் பொசிட்டிவ் வந்திருக்கும். சோதனை பழுதில்லை, கேட்ட நாள்தான் பிழை.

டெங்குவுக்கு மட்டும் எப்படி முதல் நாளே தெரிகிறது என்று பலர் கேட்பார்கள். டெங்கு வைரஸ் பெருகும்போது என்.எஸ்.1 என்ற புரதத்தை இரத்தத்துக்குள் தாராளமாகக் கொட்டுகிறது. அதை ஒரு துண்டுச் சோதனையால் பிடித்துவிடலாம். லெப்டோஸ்பைரா அப்படி எதையும் அந்த அளவுக்கு வெளியே விடுவதில்லை. டெங்கு என்.எஸ்.1 நெகட்டிவ், எலிக்காய்ச்சல் நெகட்டிவ் என்று இரண்டு ரிப்போர்ட்டை ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே எடையில் பார்ப்பது நம் ஆட்கள் விடும் பெரிய தவறு. மூன்றாம் நாளில் முதலாவதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. இரண்டாவதற்கு அநேகமாக இல்லை.

கிருமியை நேராகத் தேடுவதற்கும் பல வழி. இருட்புல நுண்ணோக்கியில் பார்க்கலாம், ஆனால் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும், நூல் துணுக்குகளைக் கிருமி என்று மயங்குவதும் நடக்கும். வளர்த்துப் பார்க்கலாம், அதற்கு வாரக்கணக்கு, சில வேளை மூன்று மாதம். மிஞ்சுவது பி.சி.ஆர். கிருமியின் மரபணுத் துண்டைப் பல கோடி மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை. முதல் வாரத்து இரத்தத்தில், அன்டிபயோட்டிக் போடுவதற்கு முன் எடுத்த மாதிரியில் இது நன்றாக வேலை செய்யும். அதற்குப் பிறகு இரத்தத்தில் செய்தால் பயன் குறையும்.

‘உறுதி’ எங்கிருந்து வருகிறது

செய்தியில் ‘உறுதிப்படுத்தப்பட்டது’ என்று வரும்போது பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருப்பது எம்.ஏ.ரி. என்ற சோதனை. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் செய்கிறார்கள். எப்படி என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஆய்வுகூடத்தில் லெப்டோஸ்பைராவின் பல வகைகளை உயிரோடு வளர்த்து வைத்திருக்க வேண்டும். நோயாளியின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் நீரை, இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய் ஒவ்வொன்றிலும் உயிருள்ள கிருமியைக் கலப்பார்கள். சில மணித்தியாலம் கழித்து இருட்புல நுண்ணோக்கியின் கீழ் பார்த்தால், கறுப்புப் பின்னணியில் வெள்ளி இழைகள் போல் கிருமிகள் நெளியும். சீரத்தில் பிறபொருளெதிரி இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பாதிக் கிருமியாவது திரண்ட கடைசி நீர்ப்பு எதுவோ, அதுதான் அளவு. இதை இயந்திரம் பார்ப்பதில்லை, பழகிய கண் ஒன்று உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஒரு மாதிரி மட்டும் போதாது. முதல் மாதிரிக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து எடுக்கும் மாதிரிக்கும் இடையில் அளவு நான்கு மடங்கு உயர்ந்தால்தான் உறுதி. இன்னொரு சிக்கல்: லெப்டோஸ்பைராவில் 60-க்கும் மேற்பட்ட இனங்கள், 300-க்கும் மேற்பட்ட உபவகைகள். நம் வயலில் உள்ள வகை ஆய்வுகூடத் தொகுப்பில் இல்லாவிட்டால் நோயாளிக்கு நோய் இருந்தும் சோதனை பேசாது.

உலக அளவில் ‘தங்கத் தரம்’ என்று சொல்லும் சோதனை, கட்டிலில் கிடப்பவருக்கு எந்த வகையிலும் உதவாது. பதில் வரும்போது அவர் சுகமாகி வீட்டில் இருப்பார், இல்லாவிட்டால் செத்தவீடு முடிந்திருக்கும். எம்.ஏ.ரி. தொற்றுநோயியல் பிரிவுக்கான சோதனை. அதைச் சிகிச்சைக்கான சோதனை என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

கனடாவில் லைம், இங்கே எலிக்காய்ச்சல்

ஸ்காபரோவில் உறவினர் உள்ளவர்கள் லைம் நோய் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்குள்ள ரூஜ் பள்ளத்தாக்குப் பூங்காவில் நடக்கப் போனால் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போகச் சொல்வார்கள். கருங்கால் உண்ணி கடித்துப் பரவும் நோய் இது. 1975 இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் பிள்ளைகளுக்குக் கூட்டமாக மூட்டுவாதம் வந்ததை ஆராயத் தொடங்கியதில் வெளிவந்தது. 1980-களின் தொடக்கத்தில் வில்லி பேர்க்டோர்ஃபர் உண்ணிக்குள் கிருமியைக் கண்டார். பொரேலியா என்ற அதுவும் சுருள் கிருமிதான், லெப்டோஸ்பைராவுக்குத் தூரத்துச் சொந்தம்.

அந்த நாடுகளில் பணம், ஆய்வுகூடம் எதற்கும் குறைவில்லை. இருந்தும் லைமின் முதல் வாரங்களில் அவர்களும் நம் நிலையில்தான் இருக்கிறார்கள். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு படிச் சோதனை: முதலில் எலைசா, அது பொசிட்டிவ் என்றால் வெஸ்டர்ன் பிளொட். இரண்டும் பிறபொருளெதிரியைத் தேடுபவை. தோலில் வட்டச் சிவப்பு தோன்றும் நேரத்தில் இவை பாதிப் பேரைக்கூடப் பிடிப்பதில்லை. 2019 இல் இரண்டாவது படியிலும் எலைசாவையே வைக்க அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆரம்பத்தில் பிடிபடுவோர் கொஞ்சம் கூடினார்கள், ஆனால் அடிப்படைத் தடை அப்படியே இருக்கிறது. ஆகவே அங்கே வட்டச் சிவப்பைக் கண்டால் சோதனைக்கு அனுப்பாமலே மருந்தைத் தொடங்குவதுதான் நடைமுறை.

இதில் நமக்குச் சாதகமான ஒரு வித்தியாசம் உண்டு. பொரேலியா இரத்தத்தில் அதிகம் தங்காது, தோலுக்குள் ஊர்ந்து போய்விடும். எனவே லைமுக்கு இரத்தத்தில் பி.சி.ஆர். செய்து பெரிதாகப் பயனில்லை. லெப்டோஸ்பைராவோ ஒரு வாரம் இரத்தத்திலேயே சுற்றுகிறது. அமெரிக்காவில் லைமுக்குக் கைகொடுக்காத கருவி வன்னியில் எலிக்காய்ச்சலுக்குக் கைகொடுக்கும். இதை நம் சுகாதாரத் திட்டமிடலில் யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

இங்கே மாட்டுண்ணி கடித்தால் லைம் வருமா என்றும் கேட்கிறார்கள். லைமைக் காவும் உண்ணிகள் வட அமெரிக்கா, ஐரோப்பா, வட ஆசியாவின் குளிர்ப் பகுதிகளைச் சேர்ந்தவை. இலங்கையில் பரவும் நோயாக லைம் அறியப்படவில்லை. வடக்கில் கவனிக்க வேண்டியது உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்). மாட்டுண்ணி அல்ல, பற்றைக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், கவட்டை, காதின் பின்புறம், இடுப்புப் பட்டி அழுத்தும் இடம் என்று தேடினால்தான் அகப்படும். கூச்சத்தால் உடுப்பைக் கழற்றிக் காட்டாமல் போனவர்களுக்கு இது தவறிப் போகும்.

வன்னியில் சோதனை ஏன் இன்னும் சிக்கலாகிறது

1. பழைய அடிகள். வருடா வருடம் சேற்றில் நிற்கிற விவசாயியின் இரத்தத்தில் முன்பு எப்போதோ வந்து தெரியாமல் போன தொற்றின் பிறபொருளெதிரி மாதக்கணக்கில் இருக்கலாம். அவருக்கு இப்போது வந்திருப்பது டெங்கு என்றாலும் எலிக்காய்ச்சல் சோதனை பொசிட்டிவ் காட்டக்கூடும். ஆக, நெகட்டிவையும் கண்ணை மூடி நம்ப முடியாது, பொசிட்டிவையும் முடியாது.

2. பார்மசிக் குளிசை. காய்ச்சலுக்கு இரண்டு அமொக்சிசிலின் வாங்கிப் போட்டுவிட்டு வருவார்கள், கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். அது இரத்தத்தில் உள்ள கிருமியைக் குறைத்து பி.சி.ஆர்.-ஐ ஏமாற்றும். பிறபொருளெதிரி உயர்வதையும் மந்தமாக்கலாம்.

3. தூரம். மல்லாவியில் எடுத்த குழாய் கொழும்புக்குப் போக 300 கிலோமீற்றருக்கு மேல். குளிரில் வைத்து அனுப்ப வேண்டும், வெள்ளத்தில் வீதி மூடினால் அதுவும் இல்லை. வெள்ளமும் எலிக்காய்ச்சலும் ஒன்றாக வருபவை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. ‘இது தெற்கு நோய்’ என்ற நினைப்பு. இரத்தினபுரி, களுத்துறை, கேகாலை, காலி போன்ற ஈரவலய மாவட்டங்களே பட்டியலின் மேலே நிற்பவை. 2008 இல் நாடு முழுதும் 7,000-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டு 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடம் வன்னி போருக்குள் இருந்தது. இந்தப் பக்கத்துக் காய்ச்சல்களில் எத்தனை அந்தக் கணக்குக்குள் போயிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். எண்ணப்படாத இடத்தில் நோய் இல்லை என்று முடிவெடுத்தால் சந்தேகப்படவும் ஆள் இருக்காது.

எதை மேம்படுத்தலாம்

புதிதாக ஒரு துரிதச் சோதனைப் பெட்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பத்துப் பேருக்கு உண்மையில் நோய் இருந்து, மூன்றாம் நாளில் பெட்டி நான்கு பேரைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஆறு பேரும் கையில் ‘நெகட்டிவ்’ தாளோடு போவார்கள். சோதனையே செய்யாமல் இருந்திருந்தால் வைத்தியர் சந்தேகத்தின் பேரில் மருந்து கொடுத்திருப்பார். பலவீனமான சோதனை சும்மா இருப்பதில்லை, தீங்கும் செய்யும்.

1. காய்ச்சல் நாளை எழுதுவது. இதற்குச் செலவே இல்லை. இரத்தம் அனுப்பும் படிவத்தில் ‘காய்ச்சல் நாள் 3’ என்று தெளிவாக இருந்தால் ஆய்வுகூடமே பி.சி.ஆர். பொருத்தமா ஐ.ஜி.எம். பொருத்தமா என்று தீர்மானிக்கலாம். ரிப்போர்ட்டிலும் ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் ‘நாள் 3 மாதிரி, நோயை மறுக்கப் போதாது’ என்று அச்சிடலாம்.

2. முதல் ஊசிக்கு முன் இரண்டு குழாய். ஊதா மூடிக் குழாயில் முழு இரத்தம் பி.சி.ஆர்.-க்கு, மற்றதில் சீரம் எம்.ஏ.ரி.-க்கு. எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்கலாம். குழாய் மெதுவாகப் போகட்டும், மருந்து காத்திருக்கக் கூடாது.

3. வடக்கிலேயே பி.சி.ஆர். 2020 இல் கொரோனாவுக்காக யாழ். போதனா வைத்தியசாலையிலும் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் பி.சி.ஆர். சோதனை தொடங்கப்பட்டது. அந்த வகை இயந்திரத்துக்கு எந்தக் கிருமி என்பது பொருட்டில்லை. லெப்டோஸ்பைராவுக்கு உரிய மூலப்பொருளும் பழகிய ஆட்களும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை தடையில்லாமல் இருந்தால் போதும். வவுனியாவுக்கு அநுராதபுரம் இன்னும் கிட்ட. அங்கே ரஜரட்ட பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் எலிக்காய்ச்சல் ஆய்வில் பல வருடம் ஊறியவர்கள். கொழும்புக்கு இணையாக இந்த இரண்டு இடங்களையும் இணைத்துப் பார்ப்பதில் என்ன தடை?

4. உள்ளூர்க் கிருமித் தொகுப்பு. வன்னி நோயாளிகளிடமிருந்தும் மாடுகளிடமிருந்தும் கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்தால்தான் எம்.ஏ.ரி. நம் பக்கத்து வகைகளைத் தவறவிடாது. மெதுவான வேலை, கால்நடை வைத்தியர்களும் சேர வேண்டும்.

ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் ஒரே வெப்பத்தில் மரபணுவைப் பெருக்கும் ‘லாம்ப்’ முறையும், சலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் முறைகளும் ஆய்வில் இருக்கின்றன. ஆதார வைத்தியசாலை மட்டத்தில் செய்யக்கூடியவையாக வளரலாம். அதுவரை எஃப்.பி.சி. என்ற சாதாரண இரத்த எண்ணிக்கையை ஒழுங்காகப் படித்தாலே பாதி வேலை முடியும். டெங்குவில் வெள்ளணுக்கள் குறையும். எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் அவை கூடும், அதிலும் நியூட்ரோபில் என்ற வகை வெள்ளணு கூடும். பிளேட்லெட் இரண்டிலும் குறையும், ஆகவே அதை மட்டும் பார்த்து ‘டெங்குதான்’ என்று முடிவுகட்டக் கூடாது.

சோதனை பிந்தினால் சிகிச்சை எப்படிப் போகும்

இலங்கையில் எலிக்காய்ச்சலைச் சந்தேகம் வந்த உடனேயே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்க வேண்டும், ஆய்வுகூட உறுதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சிகிச்சையும் அதே ஒழுங்குதான். பெனிசிலின், செஃப்ட்ரியாக்ஸோன், டொக்சிசைக்கிளின் ஆகியவை பயன்படும் மருந்துகள். எலிக்காய்ச்சலா உண்ணிக்காய்ச்சலா என்று பிரிக்க முடியாத இடத்தில் டொக்சிசைக்கிளினுக்குத் தனி இடம் உண்டு, அது இரண்டுக்கும் கேட்கும். பெனிசிலின் உண்ணிக்காய்ச்சலுக்குக் கேட்காது.

முதல் ஊசி போட்ட சில மணித்தியாலத்தில் காய்ச்சலும் நடுக்கமும் திடீரென்று கூடலாம். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடல் காட்டும் எதிர்வினை அது, லைமிலும் வரும். ‘ஊசி ஒத்துவரவில்லை’ என்று துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக இது காரணம் ஆகாது. தாதியரிடம் சொன்னால் கவனித்துக்கொள்வார்கள்.

வைத்தியரிடம் போகும்போது மூன்று விடயத்தைக் கேட்காமலே சொல்ல வேண்டும்: காய்ச்சல் தொடங்கிய திகதி, கடந்த ஒரு மாதத்தில் வயல், வாய்க்கால், குளம், வெள்ளத்தில் கால் வைத்தது, ஏற்கெனவே போட்ட குளிசைகளின் பெயர். சலம் குறைந்தாலோ நிறம் மாறினாலோ மூச்சு முட்டினாலோ கையில் எந்த ரிப்போர்ட் இருந்தாலும் பெரியாஸ்பத்திரிதான். வயலில் இறங்குபவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகக் கிடைக்கும். சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் எடுக்கக் கூடாது. அதை எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவும் பி.சி.ஆர். முடிவைப் பாதிக்கும்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு வாரத்தில் மறுபடி இரத்தம் கொடுக்க வரச் சொன்னால் அநேகர் போவதில்லை. சுகமாகிவிட்டது, பிறகேன் பஸ் காசு என்று விட்டுவிடுவார்கள். அந்த இரண்டாவது குழாய் இல்லாமல் எம்.ஏ.ரி. முழுமையாகாது. அந்த நோயாளி ‘சந்தேகத்துக்குரியவர்’ என்ற நிரலிலேயே நின்றுவிடுவார், அடுத்த காலபோகத்துக்கு அந்தக் கிராமத்துக்கு எத்தனை பேருக்குக் குளிசை அனுப்புவது என்று தீர்மானிப்பவர்களின் கையில் அவர் உறுதியான கணக்காக இருக்கமாட்டார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு விசாரிக்க வரும் அன்றே அந்த இரண்டாவது இரத்தத்தையும் எடுக்க ஒழுங்கு செய்தால், பஸ் காசுப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.